இழுப்புச் சோதனை

மாற்றுவன வாரியத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மாப்பிள்ளைக்கு ஒரு சந்தேகம் வந்தது. சந்தேகம் வந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. கேட்டுவிட்டான்.

"சார், செடி உயிரோட இருக்கான்னு எப்படிப் பாக்கறது?"

"இழுத்துப் பாக்கணும்," என்றார் மேற்பார்வையாளர்.

"இழுத்தா?"

"வரலைன்னா உயிரோட இருக்கு. வந்துட்டா செத்துப்போச்சு."

"உயிரோட இருக்கறது வந்துட்டா?"

மேற்பார்வையாளர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "கையோட வந்ததுக்கப்புறம் அது எப்படிய்யா உயிரோட இருக்கும்?"

மாப்பிள்ளை தலையாட்டிவிட்டுத் தன் பாத்திக்குப் போனான்.

ஊருக்கு வெளியே ஒரு காடு இருந்தது. கிடங்குகள் கட்டுவதற்காகவும், கிடங்குகளுக்கு லாரி போவதற்காகவும் அதை வெட்டினார்கள். வெட்டியதற்கு ஈடாக, கிடங்குகளின் பின்சுவரை ஒட்டிக் கிடந்த மேட்டு நிலத்தில் புதுக்காடு ஒன்றை நட்டார்கள். நட்டால் போதுமா, கண்காணிக்க வேண்டாமா? அதற்குத்தான் வாரியம். நிலத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, பாத்திக்கு ஒரு கண்காணிப்பாளரைப் போட்டார்கள். ஒவ்வொரு செடிக்கும் அருகே ஒரு குச்சி நட்டு அதில் எண் போட்ட தகரத் தகடு ஒன்றைக் கட்டினார்கள். செடி செத்தால் தகடு அலுவலகத்துக்குத் திரும்பிவிடும்.

இழுப்புச் சோதனை தொடக்கத்தில் நியாயமாகத்தான் இருந்தது. முதல் ஒப்பந்தக்காரர் மகா கெட்டிக்காரர். வேரே இல்லாத கிளைகளை ஒடித்து மண்ணில் குத்திவிட்டுப் போய்விட்டார். ஒரு வாரம் காடு ஜம்மென்று பச்சையாக நின்றது. அதற்கப்புறம்தான், நடுகிற அன்றைக்கே தண்டைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்து மெல்ல ஒரே ஒரு தரம் இழுத்துப் பார்க்க வேண்டும் என்று விதி எழுதினார்கள். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கண்காணிப்பாளர் சரியாக இழுத்தாரா என்று யார் பார்ப்பது? மேற்பார்வையாளர். எப்படிப் பார்ப்பது? அவரும் இழுத்துத்தான். மேற்பார்வையாளரைச் சரிபார்க்கக் கோட்ட அதிகாரி, கோட்ட அதிகாரியைச் சரிபார்க்கத் தணிக்கைக் குழு. ஒருவர் இழுத்ததை இன்னொருவர் ஏற்றுக்கொள்வது விதிப்படி ஒழுங்கீனம். நட்ட நாளில் ஒரு தரம் என்பது மாதம் ஒரு தரம் ஆகி, வாரம் ஒரு தரம் ஆனது. பதவி உயர உயர இழுப்பும் பலமாக இருக்க வேண்டும் என்பது விதியில் இல்லை. ஆனால் கோட்ட அதிகாரி ஒருவர் கண்காணிப்பாளரைவிட மெதுவாக இழுத்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

மாப்பிள்ளை அந்த அலுவலகத்தில் யாருக்கும் மாப்பிள்ளை இல்லை. அவனுடைய மாமனார் அதே வாரியத்தில் பெரிய கையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஒரு வார்த்தை சொல்லித்தான் வேலை கிடைத்தது. "ஓ, நம்ம பெரியவரோட மாப்பிள்ளையா?" என்று முதல் நாள் யாரோ கேட்டார்கள். அன்றோடு அவன் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. கடைநிலை ஊழியர்கூட "மாப்பிள்ளை, டீ" என்றுதான் கொண்டுவந்து வைப்பார்.

வீட்டிலும் அவன் வீட்டோடு மாப்பிள்ளைதான். சாப்பாட்டு மேசையில் மாமனார் மரியாதை குறையாமல் குத்துவார். "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் போடும்மா. நட்டு வெச்ச இடத்துல நல்லா வேர் விடட்டும்."

மனைவி அப்பாவை முறைப்பாள். அப்புறம் அறைக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு, வயிற்றில் கை வைத்தபடி கட்டிலில் உட்காருவாள். அவளுக்கு நாலாம் மாதம்.

"என்னங்க, குழந்தை பொறக்கறதுக்குள்ள நாம தனியா போயிடணும். இந்தக் குத்தல் பேச்சைக் கேட்டுக்கிட்டு எம்புள்ள வளரக் கூடாது."

"வாரியத் தலைவர் வந்து பாத்துட்டுப் போகட்டும். நிரந்தரம் ஆயிட்டா குவார்ட்டர்ஸ் கிடைச்சிடும். ரெண்டு ரூம், ஒரு சமையல்கட்டு, நம்ம சாவி."

"ஆகலைன்னா?"

ஆகவில்லையென்றால் வேலையே இல்லை. பாத்தியில் பாதித் தகடுகளுக்கு மேல் தலைவர் இழுத்தும் அசையாமல் நின்றால் நிரந்தரம். நிற்காவிட்டால் வீட்டுக்கு, அதுவும் மாமனார் வீட்டுக்கு. அது அவளுக்கும் தெரியும்.

செடிகளோ ஒன்றன்பின் ஒன்றாக மண்டையைப் போட்டுக்கொண்டிருந்தன. தணிக்கைக் குழு வந்துபோன மறுநாள் பாதை ஓரத்துச் செடிகள் எல்லாம் துவண்டு தொங்கும். புதிதாக விட்ட வேர் அறுந்து, மூன்றாம் நாள் சருகாகிவிடும். மாப்பிள்ளை தண்ணீர் ஊற்றி, மண்ணை மிதித்து இறுக்கி, தாய் மாதிரி பார்த்துக்கொள்வான். அதற்குள் அடுத்த குழு வந்து நிற்கும்.

பொறுக்கமாட்டாமல் மேற்பார்வையாளரிடம் போனான்.

"சார், நாம இழுக்கறதாலதான் சார் சாகுது."

மேற்பார்வையாளர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். "மெதுவாப் பேசு. உனக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"ஒரே ஒரு வரிசையை மட்டும் இழுக்காம விட்டுப் பாக்கலாமே சார்."

"இழுக்காத செடி உயிரோட இருக்குன்னு எவன் கையெழுத்துப் போடுவான்?"

"கண்ணால பாத்தாலே தெரியுதே சார். இலை விட்டிருக்கே."

"இலையா?" மேற்பார்வையாளர் நாற்காலியில் சாய்ந்தார். "இலை நம்ம வரம்புக்குள்ள வராது. நமக்கு வேர் மட்டும்தான். இலைக்குத் தனிப் பிரிவு இருக்கு, மாடியில, கடைசி ரூம்."

"அவங்ககிட்டயாவது சொல்லலாமா?"

"அங்க ஆள் போடலை. வாரியம் தொடங்குன நாள்லேர்ந்து அந்த நாற்காலி காலியாத்தான் இருக்கு. கோப்பு அனுப்பினா போய் மேசையில உக்காந்துக்கும். திரும்பி வராது." கொஞ்சம் யோசித்து, நல்ல மனதோடு சேர்த்துக்கொண்டார். "இதோ பாரு, செடி சாகறது இயற்கை. அதுக்கு யாரும் உன்னைக் கேக்க மாட்டாங்க. சோதிக்காம விட்டா அது குற்றம். இயற்கையா நடக்கறதுக்குப் பயந்து குற்றம் பண்ணாதே."

அன்றிலிருந்து மாப்பிள்ளை ஒரு திருட்டு வேலை செய்தான். பாத்தியின் கடைசியில் சரிவு ஒன்று இருந்தது. எப்போதும் சேறாக இருப்பதால் பளபளக்கும் ஷூ போட்ட எவரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. அங்கிருந்த செடிகளை அவன் விரலால் பிடிப்பான், ஆனால் இழுக்கமாட்டான். "இழுத்தாச்சா?" என்று கேட்டால் "ஆச்சு சார்" என்பான். அந்தச் செடிகள் முழங்காலைத் தாண்டின. இடுப்பைத் தொட்டன. பாதை ஓரம் சுடுகாடாகக் கிடக்க, சரிவில் மட்டும் இலை தளதளவென்று நின்றது. அவன் பாத்தியில் மிஞ்சிய தகடுகள் பெரும்பாலும் அங்கேதான் இருந்தன. எண்ணிப் பார்த்தால் பாதிக்குக் கொஞ்சம் மேலே.

தப்பித்துவிட்டோம் என்று அவன் நினைத்திருக்கும் வேளையில் தலைவரைப் பற்றிக் கேள்விப்பட்டான்.

மாமனார்தான் சொன்னார், சாப்பிட்டுக்கொண்டே, ரசித்து. "தலைவர் இழுப்பைப் பத்தி என்ன நினைச்சீங்க மாப்பிள்ளை? விரலாலயா நெருடுவாரு? முதல்ல வாட்சைக் கழட்டி உதவியாளர்கிட்ட குடுப்பாரு. அப்புறம் சட்டைக்கையை மடிப்பாரு. ரெண்டு கையாலயும் பிடிச்சு, கால ஊனி ஒரு இழு! போன தடவை ஒரு பாத்தியில ஆள் உயர மரத்தையே பிடுங்கிட்டாரு. கையில மரத்தோட நின்னு, 'இதுதான் உங்க காடா?'ன்னு கேட்டாரு பாருங்க. எனக்கே புல்லரிச்சுப் போச்சு. மூணு பேரு அன்னிக்கே வீட்டுக்குப் போனாங்க."

"அந்த மரம் என்ன ஆச்சு மாமா?"

"எந்த மரம்?" என்றார் மாமனார்.

இடுப்பு உயரச் செடி ஆள் உயர மரத்துக்கு முன்னால் எம்மாத்திரம்? தலைவர் வரும் நாள் குறித்தாகிவிட்டது. சரிவுக்குப் பலகை போட்டுப் பாதை அமைக்கச் சொல்லி உத்தரவும் வந்துவிட்டது.

பக்கத்துப் பாத்திக்காரருக்குக் 'கல்லு' என்று பெயர். அவருடைய பாத்தியில் இழுத்து ஒரு செடிகூட இதுவரை கையோடு வந்ததில்லை. வருடா வருடம் பாராட்டுப் பத்திரம் வாங்குவார். என்ன உரம் போடுகிறார், எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று தெரியாமல் மற்றவர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டார்கள். மாப்பிள்ளை அவரிடம் போய் நின்றான். அழாத குறையாகச் சொன்னான்.

கல்லு அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவனைத் தன் பாத்திக்குள் கூட்டிப்போனார். "தொட்டுப் பாரு."

மாப்பிள்ளை ஒரு செடியைத் தொட்டான். விறகு. அடுத்ததும் விறகு. இழுத்தான், அசையவில்லை. குனிந்து மண்ணை விலக்கினான். சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஏதோ இருந்தது.

"சிமெண்டா?"

"ஒரு சட்டி கலவை போதும்."

"அண்ணே, இது செத்துப்போச்சே!"

"தம்பி, இழுத்தா வரக் கூடாது. அவ்வளவுதானே கேக்கறாங்க?" கல்லு மண்ணைத் தள்ளி மூடினார். "உயிரோட இருக்கணும்னு எந்த உத்தரவுலயாவது எழுதியிருக்கா, காட்டு. எனக்கும் ரெண்டு பொண்ணு படிக்குது. மூட்டை மிச்சம் இருக்கு. எடுத்துட்டுப் போ. உன் சரிவுல இருக்கறதுக்கெல்லாம் ஊத்திடு."

மூட்டையை வண்டியில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளை சரிவுக்கு வந்தான். வந்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். சிமெண்ட் ஊற்றினால் செடி செத்துப்போகும், வேலை நிலைக்கும். ஊற்றாவிட்டால் தலைவர் பிடுங்குவார், செடியும் சாகும், வேலையும் போகும். எப்படிப் பார்த்தாலும் செடிக்குச் சாவுதான். கணக்குப் போட்டால் ஊற்றுவதுதான் புத்திசாலித்தனம். ஆனாலும் கை எழவில்லை. இத்தனை மாதம் தண்ணீர் சுமந்த கை அதற்கு எப்படி எழும்?

சாப்பாடு கொண்டுவந்த மனைவி அவன் முகத்தைப் பார்த்தாள், மூட்டையைப் பார்த்தாள். அவன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். அப்புறம் கேட்டாள்.

"இழுக்கறவங்க எதைப் பாத்து இழுக்கறாங்க? செடியையா, தகடையா?"

"தகடைத்தான். எண்ணைக் கூப்பிடுவாங்க. அந்த எண் இருக்கற இடத்துல இழுப்பாங்க."

"பாதை ஓரத்துல செத்த குச்சி எத்தனை கிடக்குது?"

மாப்பிள்ளை அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"செத்ததுக்குச் சிமெண்ட் ஊத்துங்க. இதுங்க தகடை எடுத்து அதுங்க பக்கத்துல கட்டுங்க."

"மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்கிட்டா பாத்துக்கலாம். செத்ததைக் காட்டி உயிரோட இருக்கறதைக் காப்பாத்தறோம். இதுல என்னங்க தப்பு?"

அவன் பாதை ஓரமாகக் குழி தோண்டி, சருகான செடிகளை நிறுத்திக் கலவை ஊற்றினான். அவள் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்து தகடுகளைக் கம்பியில் கோத்துக் கொடுத்தாள். பலகைப் பாதைக்கு மட்டும் மர வியாபாரி பலகை அனுப்பவில்லை. பலகைக்கு மரம் கிடைக்கவில்லையாம்.

தலைவர் வந்தார். கூடவே கோட்ட அதிகாரி, தணிக்கைக் குழு, மேற்பார்வையாளர், படம் எடுப்பவர் என்று ஒரு கல்யாணக் கூட்டம். ஓய்வு பெற்றவர்களின் பிரதிநிதியாக மாமனாரும் கோட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார். தலைவர் ஒரு பெட்டியின்மேல் ஏறி நின்று பேசினார்.

"நண்பர்களே! பழைய காடு போச்சே, போச்சேன்னு சிலர் இன்னும் அழறாங்க. நான் அவங்களை ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்தக் காட்டை யாராவது இழுத்துப் பாத்திருக்கீங்களா? ஒருத்தர்கூட இல்லை! நூறு வருஷம் ஒரு சோதனையும் இல்லாம நின்ன காடு அது. அதுல எத்தனை மரம் தகுதியானதுன்னு யாருக்குத் தெரியும்? சந்தேகத்துக்கு இடமான ஒரு காட்டை எடுத்துட்டு, சோதிக்கப்பட்ட ஒரு காட்டைக் குடுத்திருக்கோம். இதுல நஷ்டப்பட்டது யாரு?"

எல்லோரும் கைதட்டினார்கள். மாமனார் கொஞ்சம் அதிக நேரம் தட்டினார்.

தலைவர் வாட்சைக் கழற்றினார். மேற்பார்வையாளர் முதல் எண்ணைக் கூப்பிட்டார். தலைவர் சட்டைக்கையை மடித்து, காலை ஊன்றி, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். குச்சி கிர்ரென்றது. அந்தச் சத்தத்தில் மாப்பிள்ளைக்கு உயிரே போய்வந்தது. ஒடிந்துவிட்டால்? சாயம் வெளுத்துவிடும். தலைவர் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. குச்சி அசையவில்லை.

"ஆகா!" என்றார் தலைவர், மூச்சு வாங்கியபடி. "இதான் வேர்!"

இரண்டாவதும் அசையவில்லை. ஐந்தாவதில் அவருக்கு இடுப்பில் ஏதோ பிடித்துக்கொண்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு அடுத்ததற்கு நகர்ந்தார். ஒரு இலைகூட இல்லாத அந்தக் குச்சிகளின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். மிச்சத்தைக் கோட்ட அதிகாரி இழுத்து முடித்தார். எல்லாம் தேறின. மாப்பிள்ளை மூச்சை விட்டான்.

விட்டிருக்கக் கூடாது. இடுப்பைத் தளர்த்திக்கொள்ள நாலடி நடந்த தலைவர் சரிவின் விளிம்புக்கு வந்து நின்றார். கீழே பார்த்தார்.

"அங்க என்ன பச்சையா இருக்கு?"

தலைவர் சேற்றில் இறங்கினார், ஷூவோடு. கூட்டமும் பின்னாலேயே இறங்கியது. இடுப்பு உயரத்தில் நின்ற முதல் செடியின்மேல் குனிந்து இரண்டு கையையும் நீட்டினார். மாப்பிள்ளையின் வாய் தானாகத் திறந்தது. வேண்டாம் என்று சொல்ல வந்தான்.

தலைவரின் விரல்கள் தண்டைத் தொட்ட இடத்தில் நின்றன.

"இதுக்குத் தகடு எங்க?"

மேற்பார்வையாளர் சுற்றிச் சுற்றித் தேடினார். "இல்லைங்க ஐயா. இந்தப் பக்கம் எதுக்குமே இல்லை."

தலைவர் சூட்டில் கைபட்டவர்போல விரலை எடுத்துக் கைக்குட்டையில் துடைத்தார். "எண் இல்லாததை நான் எப்படிய்யா இழுக்கறது? அது வரம்பு மீறல் இல்லையா?" திரும்பி ஏறினார். மேலே போனவர் நின்று சொன்னார், "எண் இல்லாததெல்லாம் களை. பையன் நல்லா வேலை செஞ்சிருக்கான், நிரந்தரம் பண்ணிடுங்க. முதல் வேலையா இந்தக் களையைப் பிடுங்கச் சொல்லுங்க."

மாமனார் கூட்டத்தில் எல்லோரிடமும், "எங்க வீட்டு மாப்பிள்ளை" என்று சொல்லிக்கொண்டு போனார்.

குவார்ட்டர்ஸ் சாவியும் களையெடுப்பு உத்தரவும் ஒரே உறையில் வந்தன. மனைவி சாவியை எடுத்துக்கொண்டு உத்தரவைப் படித்தாள். படித்துவிட்டுச் சாவியைத் திரும்ப உறைக்குள் போட்டாள்.

மறுநாள் மாப்பிள்ளை சரிவில் போய் நின்றான். வெகுநேரம் நின்றான். அப்புறம் வாரியம் அவனுக்குக் கற்றுக்கொடுத்தபடியே குனிந்தான். முதல் செடியின் தண்டைக் கட்டைவிரலாலும் ஆட்காட்டி விரலாலும் பிடித்து, மெல்ல, ஒரே ஒரு தரம் இழுத்தான். இத்தனை மாதத்தில் அவன் அதை நிஜமாக இழுத்தது அன்றுதான்.

வரவில்லை. உள்ளே ஏதோ அவனை எதிர்த்துப் பிடித்துக்கொண்டது. கண்ணில் நீர் வந்துவிட்டது. அடுத்ததை இழுத்தான். அதுவும் வரவில்லை. மாலைக்குள் எல்லாவற்றையும் விதிப்படி இழுத்து முடித்து, நேராக மேற்பார்வையாளரிடம் போனான்.

"இழுத்தேன் சார். ஒண்ணும் வரலை."

"பலமா இழுக்க வேண்டியதுதானே!"

"கண்காணிப்பாளர் மெதுவாத்தான் இழுக்கணும்னு விதி சார். உங்களைவிடப் பலமா நான் எப்படி இழுக்கறது?"

மேற்பார்வையாளர் மோவாயைச் சொறிந்தார். இழுத்து வராதது விதிப்படி உயிருள்ளது. உயிருள்ளதைப் பிடுங்கினால் வாரியத்தின் கணக்கில் ஒரு சாவு. ஆனால் எண் இல்லாதது மரமே இல்லை. மரமில்லாதது எப்படிச் சாகும்? பேனாவை மேசையில் போட்டார். "அப்ப அது என்னதான்யா? களையும் இல்லை, மரமும் இல்லை!"

"என்னன்னு தெரியலை சார்," என்றான் மாப்பிள்ளை. குரலை ஒன்றும் தெரியாதவன்போல வைத்துக்கொண்டான். "இலை மட்டும் நிறைய இருக்கு."

"இலையா?" மேற்பார்வையாளரின் முகம் மலர்ந்தது. "அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? அப்ப அது நம்ம விவகாரமே இல்லை. இலைப் பிரிவுக்குத் தள்ளிவிடு."

சரிவு முழுவதும் ஒரு கோப்பாகி மாடியில் கடைசி அறைக்குப் போனது. குவார்ட்டர்ஸில் குழந்தை பிறந்தது, தவழ்ந்தது, நடந்தது. சரிவில் மரங்கள் தலைக்குமேல் போய்க் கிடங்குச் சுவரை எட்டிப் பார்த்தன. ஒருவரும் இழுக்கவில்லை.

ஒரு நாள் மாமனார் பேத்தியைப் பார்க்க வந்தார். செய்தித்தாளை மேசையில் விரித்து வைத்தார். "மாப்பிள்ளை, கடைசியில இலைப் பிரிவுக்கு ஆள் எடுக்கறாங்களாம். பழைய கோப்புகளையெல்லாம் தூசி தட்டி எடுக்கப் போறாங்களாம். நல்ல துடிப்பான ஆளா வேணுமாம்."

மனைவியின் கையிலிருந்த பால் கிண்ணம் கீழே விழுந்தது. மாப்பிள்ளை அன்றைக்கே மனுப் போட்டான்.

நேர்காணலில் தலைவர், கோட்ட அதிகாரி, தணிக்கைக் குழு எல்லோரும் இருந்தார்கள். தலைவருக்கு இடுப்பு இன்னும் சரியாகவில்லை. தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"இந்த நாற்காலியில உன்னை உக்கார வெச்சா முதல்ல என்ன செய்வே?"

மாப்பிள்ளைக்குப் பொய் சொல்லித்தான் பழக்கம். அன்றைக்கு ஏனோ உண்மை வாயில் வந்தது.

"ஒண்ணும் செய்ய மாட்டேன் ஐயா."

அதிகாரிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அனுபவம் பேசுது," என்றார் தலைவர். "ஆளை எடுத்துக்கங்க."